காதுல 'கொர்ர்ர்'னு கேட்குதா?

"கால் பண்ணா எடுக்கவே மாட்டான்... ஓவர் சீன்!" ஹியரிங் எய்டு போட்ட க்ளாஸ்மேட்டை இப்படி கமென்ட் அடிக்கிற ஆளா நீங்க? ஒரு நிமிஷம் பாஸ்!

2ஜி-யில செல்போன் சிக்னலை விட்டு விட்டு அனுப்பும். நொடிக்குச் சுமார் 217 தடவை! அது ஹியரிங் எய்டுல புகுந்தா, பேச்சுக்குப் பதிலா 'கொர்ர்ர்' இரைச்சல்தான். 4ஜி-யில இந்தத் தொல்லை குறைவு.

மெஷின் போட்டிருக்கிறவங்களுக்கு சில டிப்ஸ்... காதுக்குப் பின்னால மாட்டுற டைப்னா, மைக் காதுக்கு மேலேதான் இருக்கும். போனையும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடிங்க. டெலிகாயில் வசதி இருந்தா 'டி' மோடுக்கு மாத்துங்க. உங்க போனும் அதுக்கு ஒத்துவந்தா, கேன்டீன் கூச்சல் உள்ளே வராது. புளூடூத் மெஷின்னா குரல் நேரா காதுக்கே வந்துடும். புதுசா போன் வாங்கும்போது மெஷினோட போய் பேசிப் பார்த்து வாங்குங்க. வேலைக்கு டெலிபோன் இன்டர்வியூவா? 'வீடியோ கால் வேணும்'னு முன்கூட்டியே கேட்டுடுங்க. பதில் தெரிஞ்சும், கேள்வி கேட்காம வேலையை விடலாமா?

ஃப்ரெண்ட்ஸ்... கால் பண்றதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் தட்டுங்க. சத்தமில்லாத இடத்துக்குப் போய் அவனே கூப்பிடுவான்!