எழுத்தை மாற்று, டேக்கைத் தொடாதே

திருநாதர்குன்றுக் கல்வெட்டைப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கிற மாதிரி ஆக்கித் தர முடியுமா என்று எங்கள் ஊர்த் தமிழாசிரியர் ஒருவர் கேட்டார். பிழைப்புக்கு எக்ஸ்எம்எல் வேலை செய்கிறவன் என்பதால் என்னிடம் வந்தார். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் சிறிய கல்வெட்டு அது. அதில் ‘ஆசிரிகரு’ என்று வருகிறது.

“அதை ‘ஆசிரியர்’னு மாத்திடுங்க தம்பி. ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்டா ஒரு நிமிஷ வேலைதானே?”

ஒரு நிமிஷ வேலைதான். கெடுப்பதற்கும் அந்த ஒரு நிமிஷம் போதும்.

அந்தக் கல்வெட்டு இருப்பது செஞ்சிக்குப் பக்கத்தில். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். பார்க்க வருகிறவர்கள் கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறி இறங்கிப் போய்விடுகிறார்கள். சிறுகடம்பூர்ப் பக்கம் இருக்கும் திருநாதர்குன்றின் கல்வெட்டு, கோட்டைக்குப் பல நூற்றாண்டு மூத்தது. அங்கே ஒரே பாறையில் இரண்டு வரிசையாக 24 தீர்த்தங்கரர் சிற்பங்கள். கல்வெட்டைச் சுமார் ஆறாம் நூற்றாண்டு என்பார்கள்; ‘ஐ’ என்ற எழுத்தின் பழைய வடிவத்துக்குச் சான்றாக இதைக் காட்டுவார்கள்.

இப்படிப்பட்ட கல்வெட்டுகளை இன்று எக்ஸ்எம்எல்லில் பதிகிறார்கள்; எழுத்தோடு ‘இது இன்னது’ என்று சொல்லும் குறிகளையும், அதாவது டேக்குகளையும், சேர்த்துப் பதியும் முறை அது. 2019இல் ஐரோப்பிய ஆய்வுக் குழுமத்தின் நிதியில் தொடங்கிய ‘தர்மா’ திட்டம் தமிழ்க் கல்வெட்டுகளையும் அப்படித்தான் பதிந்தது. புதுச்சேரியில் மையம் வைத்திருக்கும் பிரெஞ்சு கீழ்த்திசை ஆய்வு நிறுவனமும் அதில் பங்காளி. கல்லில் வரி எங்கே முடிகிறது என்பதற்கு ஒரு டேக். எழுத்து மங்கி, ‘இப்படித்தான் இருக்கலாம்’ என்று படித்திருந்தால் அதற்கு ஒரு டேக். கல் சிதைந்துபோய், படித்தவர் தாமே இட்டு நிரப்பிய எழுத்துக்கு வேறொரு டேக். பழைய கல்வெட்டுகள் பலவற்றில் புள்ளியே இருக்காது; படிப்பவர்தான் வைக்க வேண்டும். ஆக, கல்லில் உள்ளது எது, படித்தவரின் ஊகம் எது என்று பிரித்துக் காட்டுவது டேக்தான்.

ஃபைண்ட் ரீப்ளேஸுக்கு இந்தப் பேதமெல்லாம் கிடையாது. எழுத்து, டேக், டேக்குக்குள் இருக்கும் குறிப்பு எல்லாம் அதற்கு ஒன்றே. ‘துரை’யை ‘ஐயா’ ஆக்கச் சொன்னால் மதுரையை ‘மஐயா’ ஆக்கிவிட்டு நிம்மதியாக நிற்கும்.

எக்ஸ்எம்எல்லை அதன் டேக் அமைப்பைப் புரிந்துகொண்டு மாற்றுவதற்கென்றே இருக்கும் மொழி எக்ஸ்எஸ்எல்டி. 1999 நவம்பரில் வந்தது. அதனிடம் ஒன்றும் சொல்லாமல் ஃபைலைக் கொடுத்தால் டேக்கையெல்லாம் உரித்துப் போட்டுவிட்டு எழுத்தை மட்டும் கொட்டும். எனவே முதலில் ஒரு டெம்ப்ளேட், அதாவது ஒரு விதி: ‘எது வந்தாலும் அப்படியே நகலெடு, பிறகு அதற்குள் போய் அதையே செய்.’ ஐடென்டிட்டி டெம்ப்ளேட் என்று பெயர். 2017இல் வந்த மூன்றாம் பதிப்பில் இதற்கு ஒரே வரி போதும். அடுத்து இரண்டாவது டெம்ப்ளேட்: ‘பதவிப் பெயர் டேக்குக்குள் எழுத்து வந்தால், அதை மட்டும் மாற்று.’ சுவருக்கு வெள்ளையடிக்கிறவர் ஜன்னலைப் பெயர்ப்பதில்லை; அதே கணக்கு.

புதிதாக வருகிற பிள்ளைகள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. எழுத்தைப் பிடிக்காமல் அதைச் சுற்றியுள்ள டேக்கைப் பிடித்து, அதன் மதிப்பை வாங்கி, மாற்றி அச்சிட்டுவிடுவார்கள். பார்வைக்குச் சரியாகவே இருக்கும். ஆனால் அந்த டேக்குக்குள் ஒரு ‘மங்கல்’ டேக் இருந்திருந்தால், அது சத்தமில்லாமல் போயிருக்கும். ஊகமாக இருந்த எழுத்து அன்றிலிருந்து கல்லில் வெட்டிய எழுத்தாகிவிடும். அதை எடுத்து ஒருவர் புத்தகம் போடுவார், புத்தகத்தைப் பார்த்து இன்னொருவர் பலகை எழுதுவார்.

இன்னொரு சங்கதி. ‘எல்லாம்’ என்ற டெம்ப்ளேட்டுக்கும் வெறும் ‘எழுத்து’ என்ற டெம்ப்ளேட்டுக்கும் எக்ஸ்எஸ்எல்டி தரும் முன்னுரிமை ஒன்றே: மைனஸ் 0.5. இரண்டும் மோதினால் ஃபைலில் கடைசியாக எழுதியதுதான் பெரும்பாலும் ஜெயிக்கும். ‘இந்த டேக்குக்குள் இருக்கும் எழுத்து’ என்று இடம் குறிப்பிட்டால் 0.5 கிடைக்கும், சண்டை வராது. எதை மாற்றுகிறோம் என்று துல்லியமாகச் சொல்கிறவனுக்கே அங்கே மரியாதை.

தமிழுக்கென்று தனித் தொல்லைகளும் உண்டு. முதல் பதிப்பில் இருந்த டிரான்ஸ்லேட் ஃபங்ஷன் ஒரு குறிக்கு இன்னொரு குறி என்றுதான் மாற்றும். யூனிகோடில் ‘கி’ என்பது ‘க’வும் ஒரு கொக்கியும், ‘க’வை மாற்றச் சொன்னால் கி, கு, க் எல்லாமே அடிபடும். ‘கொ’வை இரண்டு விதமாகப் பதியலாம், கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு. முழுச் சொல்லை மாற்றும் ரீப்ளேஸ், யூனிகோடைச் சீராக்கும் ஃபங்ஷன் எல்லாம் 2007இல் இரண்டாம் பதிப்போடு வந்தவை. அவற்றாலும் ஆகாதது ஒன்று: ‘ஆசிரி’ ஒரு வரியிலும் ‘கரு’ அடுத்த வரியிலுமாக, நடுவே வரி டேக் விழுந்திருந்தால், ‘ஆசிரிகரு’ என்று எந்த எழுத்துத் துண்டுக்குள் தேடினாலும் கிடைக்காது. அந்த மாதிரி இடத்தில் மனிதர்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஆசிரியருக்கு நான் சொன்ன வழி இதுதான். கல்வெட்டு வடிவத்தையும் இன்றைய வடிவத்தையும் அருகருகே வைக்க டேக் இருக்கிறது. ‘ஆசிரிகரு’ இருக்கட்டும், பக்கத்திலேயே ‘ஆசிரியர்’ உட்காரட்டும். பிள்ளைகளுக்கான பிரதியில் பின்னதை மட்டும் காட்ட எக்ஸ்எஸ்எல்டி போதும். அது எடுப்பது புதுப் பிரதி, மூலத்தை அது தொடுவதில்லை. முதலில் ஐடென்டிட்டி டெம்ப்ளேட்டை மட்டும் ஓட்டி, போட்டதும் வந்ததும் ஒன்றுதானா என்று ஒப்பிட வேண்டும். மேற்கோள் குறி மாதிரி சில்லறை வித்தியாசம் போக வேறேதாவது தெரிந்தால், அங்கேயே நிறுத்திக் காரணம் தேட வேண்டும். பிறகுதான் இரண்டாவது டெம்ப்ளேட்டைச் சேர்க்கலாம். மறுபடி ஒப்பிட்டால், சொன்ன சொல் மட்டும் மாறியிருக்க வேண்டும். படித்தவருக்கு இருந்த சந்தேகம், பிள்ளைகள் கைக்குப் போகிற பிரதியிலும் சந்தேகமாகவே இருக்க வேண்டும்.