இறைச்சி ஆலைகளில் எத்தனை பேருக்கு கொரோனா? அரசு எண்ணாததை எண்ணிய சின்ன செய்தி அறை... யார் இந்த 'ஃபெர்ன்'?

2020 ஏப்ரல் மாதம். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் உள்ள சூ ஃபால்ஸ் நகரம். அங்கே ஸ்மித்ஃபீல்ட் நிறுவனத்தின் பன்றி இறைச்சி ஆலையில் சுமார் 3,700 பேர் வேலை பார்த்தார்கள். தோளோடு தோள் உரச நின்று இறைச்சி வெட்டும் வேலை அது. கொரோனா உள்ளே நுழைந்ததும் சில வாரங்களிலேயே 900க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குத் தொற்று உறுதியானது. அதாவது, நாலு பேரில் ஒருவருக்கு. இரண்டு பேர் உயிரிழந்தனர். ஆலை மூடப்பட்டது.

இது ஒரு ஆலையின் கதை. இதே மாதிரி எத்தனை ஆலைகள்? எத்தனை தொழிலாளர்கள்? எத்தனை மரணம்? அந்த நேரத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே இடத்தில் பதில் கிடைக்கவில்லை. நிறுவனங்கள் முழு விவரத்தைச் சொல்லவில்லை. நெப்ராஸ்கா மாநில ஆளுநரோ, ஆலை வாரியான எண்ணிக்கையை அரசு வெளியிடாது என்று வெளிப்படையாகவே அறிவித்துவிட்டார். ஆலை வாரியான கணக்கைத் தொடர்ந்து வெளியிடும் வேலையை மத்திய அரசும் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கணக்கை எடுக்க உட்கார்ந்தவர் ஒரு செய்தியாளர். பெயர் லியா டக்ளஸ். அவர் வேலை பார்த்தது பெரிய டிவி சேனலிலோ புகழ்பெற்ற நாளிதழிலோ இல்லை. 'ஃபெர்ன்' என்று சுருக்கமாக அழைக்கப்படும், லாப நோக்கமற்ற ஒரு சின்ன செய்தி நிறுவனத்தில். உணவு மற்றும் சுற்றுச்சூழல் செய்தி வலையமைப்பு என்பது அதன் முழுப் பெயரின் பொருள்.

யார் இவர்கள்? பணம் எங்கிருந்து வருகிறது? இப்படி ஒரு செய்தி அறை எதற்குத் தேவை? பார்க்கலாம்.

எப்படி எண்ணினார்கள்?

முறை ரொம்ப எளிமையானது. ஆனால் உழைப்பு அதிகம். உள்ளூர் பத்திரிகைச் செய்திகள், மாநில சுகாதாரத் துறைகளின் அறிக்கைகள், நிறுவனங்களே வெளியிட்ட தகவல்கள். இவற்றைத் தேடி எடுத்து, ஆலை ஆலையாகப் பதிவு செய்து, வரைபடத்தில் குறித்துக்கொண்டே வந்தார் டக்ளஸ். 2020 ஏப்ரலில் தொடங்கிய இந்த வேலை 2021 செப்டம்பர் வரை, கிட்டத்தட்ட ஒன்றரை ஆண்டு நடந்தது.

கணக்கை நிறுத்தியபோது கையில் இருந்த எண்ணிக்கை இது. இறைச்சி ஆலைகள், உணவு பதப்படுத்தும் ஆலைகள், பண்ணைகள் மூன்றையும் சேர்த்து 91 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குத் தொற்று. 460க்கும் மேற்பட்டோர் மரணம். அமெரிக்காவின் பெரிய ஊடகங்களே இந்தக் கணக்கை எடுத்துப் பயன்படுத்தின. 

நடுவில் அரசு என்ன செய்தது? 2020 ஏப்ரல் 28ஆம் தேதி, இறைச்சி ஆலைகள் தொடர்ந்து இயங்க வேண்டும் என்று அதிபர் டிரம்ப் உத்தரவு பிறப்பித்தார். போர்க்காலத் தேவைக்காக 1950இல் கொண்டுவரப்பட்ட பாதுகாப்பு உற்பத்திச் சட்டம் இதற்குப் பயன்பட்டது. நாட்டுக்கு இறைச்சி தட்டுப்பாடு வந்துவிடக் கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020 ஜூலையில் ஒரு அறிக்கை கொடுத்தது. மே மாத இறுதி வரை 23 மாநிலங்களில் 239 ஆலைகளில் 16,233 பேருக்குத் தொற்று, 86 பேர் மரணம் என்றது அது. இன விவரம் தெரிந்த நோயாளிகளில் 87 சதவீதம் பேர் சிறுபான்மை இனத்தவர். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், கருப்பினத்தவர், ஆசியர்கள். ஆபத்து யார் தலையில் விழுந்தது என்பதை இந்த ஒரு எண் சொல்லிவிடும்.

உண்மைக் கணக்கு அதைவிடப் பெரிது

2021 அக்டோபரில்தான் அடுத்த அதிர்ச்சி. நாடாளுமன்ற பிரதிநிதிகள் சபையின் சிறப்புக் குழு, ஐந்து பெரிய இறைச்சி நிறுவனங்களிடம் நேரடியாக ஆவணங்களைக் கேட்டு வாங்கியது. டைசன், ஜேபிஎஸ், கார்கில், ஸ்மித்ஃபீல்ட், நேஷனல் பீஃப் ஆகியவை அந்த ஐந்து. கொரோனாவின் முதல் ஆண்டில் மட்டும் இந்த ஐந்து நிறுவனங்களில் குறைந்தது 59 ஆயிரம் பேருக்குத் தொற்று, 269 பேர் மரணம் என்று தெரியவந்தது. அதுவரை வெளியில் தெரிந்த கணக்கைப் போல இது கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

அப்படியென்றால் ஃபெர்ன் கணக்கு தப்பா? தப்பு இல்லை, குறைவு. வெளியே கிடைத்த தகவலை மட்டும் வைத்து எண்ணியதால் 'குறைந்தது இத்தனை பேர்' என்றுதான் அவர்களால் சொல்ல முடிந்தது. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. நிறுவனங்களின் கோப்பைத் திறக்க வைக்கும் அதிகாரம் பத்திரிகையாளருக்குக் கிடையாது. நாடாளுமன்றக் குழுவுக்கு உண்டு. ஆனால் குழு அந்தக் கோப்பைத் திறந்தபோது தொற்று தொடங்கி ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. அவ்வளவு நாளும் பொதுமக்கள் கையில் இருந்தது இப்படிப்பட்ட குறைந்தபட்சக் கணக்குகள்தான்.

2022 மே மாதம் அதே குழு இன்னொரு அறிக்கை வெளியிட்டது. டிரம்பின் உத்தரவுக்கான வரைவையே இறைச்சித் துறை தயாரித்துக் கொடுத்தது, தட்டுப்பாடு என்ற அச்சம் மிகைப்படுத்தப்பட்டது என்பது அந்த அறிக்கையின் குற்றச்சாட்டு. இறைச்சி நிறுவனங்களின் சங்கம் இதை ஏற்கவில்லை. அறிக்கை ஒருதலைப்பட்சமானது, தொழிலாளர்களைப் பாதுகாக்க எடுத்த நடவடிக்கைகளை அது கணக்கில் கொள்ளவில்லை என்பது அவர்கள் வாதம்.

ஃபெர்ன் பின்னணியில் இருப்பவர்கள் யார்?

ஃபெர்ன் தொடங்கப்பட்டது 2011இல். நிறுவனர்களில் முக்கியமானவர் சாமுவேல் ஃப்ரோமார்ட்ஸ். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தில் வணிகச் செய்தியாளராக இருந்தவர். இயற்கை வேளாண் பொருட்கள் எப்படிப் பெரிய வியாபாரமாக மாறின என்பதைப் பற்றி 2006இல் ஒரு புத்தகம் எழுதினார். பின்னர் ரொட்டி சுடும் கலையைப் பற்றியும் ஒன்று எழுதினார். உணவை ருசியாக மட்டும் பார்க்காமல், அதன் பின்னால் இருக்கும் காசு, கொள்கை, ஒப்பந்தம் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்ப்பவர். ஃபெர்னின் தலைமை ஆசிரியராகப் பல ஆண்டுகள் இருந்தார்.

இன்னொரு நிறுவனர் டாம் லஸ்காவி. உணவுக் கொள்கை பற்றித் தொடர்ந்து எழுதி வந்தவர். 2009இல் 'சிவில் ஈட்ஸ்' என்ற உணவுச் செய்தித் தளத்தைத் தொடங்கிய பாலா கிராஸ்ஃபீல்டும் ஆரம்பத்தில் கைகோத்தவர்களில் ஒருவர்.

வாஷிங்டனில் வேளாண் கொள்கையை ராய்ட்டர்ஸ், யுபிஐ நிறுவனங்களுக்காகப் பல ஆண்டுகள் கவனித்து எழுதிய மூத்த செய்தியாளர் சக் அபாட்டும் பிறகு சேர்ந்தார். பயிர்க் காப்பீடு, மானியம், வேளாண் சட்ட மசோதா என்று மற்றவர்கள் தொடத் தயங்கும் விஷயங்களை அன்றாடச் செய்தியாகக் கொடுப்பது அவர் வேலை.

இவர்களில் யாரும் டிவியில் தினமும் வரும் முகங்கள் அல்ல. ஒரு துறையைப் பல வருடம் விடாமல் பின்தொடர்ந்தவர்கள். லியா டக்ளஸும் அப்படித்தான். 2021இல் அவர் ராய்ட்டர்ஸுக்கு மாறினார். இன்றும் எழுதுவது வேளாண்மை பற்றித்தான்.

வேலை நடப்பது எப்படி?

இங்கேதான் ஃபெர்ன் மற்ற ஊடகங்களிலிருந்து வித்தியாசப்படுகிறது. பெரிய அச்சகமோ ஸ்டுடியோவோ இல்லை. சுதந்திரமாக எழுதும் செய்தியாளர்களிடம் கட்டுரையை ஒப்படைப்பார்கள். மாதக்கணக்கில் ஆகும் பயணச் செலவு, ஆய்வுச் செலவு, ஆசிரியர் வேலை ஆகியவற்றுக்கு ஃபெர்ன் பொறுப்பேற்கும். கட்டுரை முடிந்ததும், ஏற்கெனவே லட்சக்கணக்கான வாசகர்கள் உள்ள பத்திரிகையிலோ வானொலியிலோ கூட்டாக வெளியிடுவார்கள்.

இரண்டு பக்கமும் லாபம். பத்திரிகைக்குத் தனியாகச் செய்ய முடியாத ஒரு புலனாய்வு கிடைக்கிறது. ஃபெர்னுக்குத் தனியாகச் சேர்க்க முடியாத வாசகர் கூட்டம் கிடைக்கிறது.

ஒரு உதாரணம். 2017இல் 'தி நேஷன்' இதழோடு சேர்ந்து டக்ளஸ் எழுதிய கட்டுரை, கருப்பின விவசாயிகள் நிலம் இழந்த கதையைச் சொன்னது. 1920இல் அமெரிக்காவில் சுமார் 9 லட்சத்து 25 ஆயிரம் கருப்பின விவசாயிகள் இருந்தனர். இன்று அது 50 ஆயிரத்துக்கும் கீழே. நிலம் கைமாற ஒரு காரணம் உயில் இல்லாமல் போனது.

தாத்தா உயில் எழுதாமல் இறந்துவிட்டால், நிலம் எல்லா வாரிசுகளுக்கும் பொதுவாகிவிடும். நம்ம ஊர் கூட்டுப்பட்டா சிக்கல் மாதிரிதான். வெளியூரில் இருக்கும் ஒரு பேரனிடம் சின்னப் பங்கை மட்டும் ஒரு வியாபாரி வாங்கினால் போதும். அவரும் பங்குதாரர் ஆகிவிடுவார். பிறகு நீதிமன்றத்துக்குப் போய், நிலத்தையே ஏலம் விடச் சொல்லலாம். அங்கேயே உழுது சாப்பிடும் குடும்பத்துக்கு ஏலத்தில் போட்டி போடக் காசு இருக்காது. நிலம் போய்விடும்.

இந்த ஓட்டையை அடைக்க 2010இல் ஒரு மாதிரிச் சட்டம் தயாரிக்கப்பட்டது. 20க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதை ஏற்றுக்கொண்டுள்ளன. மற்ற குடும்பத்தினருக்கு அந்தப் பங்கை முதலில் வாங்கும் வாய்ப்பு அதில் உண்டு.

இதை ஏன் மற்ற ஊடகங்கள் செய்யவில்லை?

செய்ய ஆள் இல்லை என்பதுதான் நேரான பதில். 2005இல் அமெரிக்காவில் சுமார் 8,900 செய்தித்தாள்கள் இருந்தன. 2024இல் அது சுமார் 5,600 ஆகச் சுருங்கியது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போய்விட்டது. மூடப்பட்டவை பெரும்பாலும் வாரப் பத்திரிகைகள். பண்ணைகளும் இறைச்சி ஆலைகளும் இருப்பது பெரும்பாலும் சின்ன ஊர்களில்தான்.

இன்னொரு பக்கம், உணவுத் துறை மேலும் மேலும் சிலர் கைக்குப் போகிறது. அமெரிக்காவில் வெட்டப்படும் கொழுத்த மாடுகளில் சுமார் 85 சதவீதம் நான்கே நிறுவனங்கள் வழியாகப் போகிறது. பண்ணைக்குள் ரகசியமாகப் புகுந்து வீடியோ எடுப்பதைக் குற்றமாக்கும் சட்டங்களையும் சில மாநிலங்கள் கொண்டுவந்தன. அயோவா மாநிலத்தில் 2012இல் வந்த அப்படியொரு சட்டத்தை, பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2019இல் மத்திய நீதிமன்றம் ஒன்று ரத்து செய்தது.

காசு யார் கொடுக்கிறார்கள்?

லாப நோக்கமற்ற நிறுவனம் என்றால் இலவசமாக நடக்கும் என்று அர்த்தம் இல்லை. அறக்கட்டளைகளும் தனிநபர்களும் தரும் நன்கொடைதான் முக்கிய வருமானம். அமெரிக்க வரிச் சட்டப்படி இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு வரிவிலக்கு உண்டு. பதிலுக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு: தேர்தலில் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக் கூடாது.

நன்கொடை தருபவர் செய்தியில் தலையிட மாட்டாரா? நியாயமான கேள்வி. ஆரோக்கிய உணவு, இயற்கை வேளாண்மை, பருவநிலை ஆகியவற்றில் அக்கறை உள்ளவர்கள்தான் பெரும்பாலும் இந்தத் துறைக்குப் பணம் தருகிறார்கள். அதனால் எந்தக் கட்டுரையை எடுப்பது என்பதிலேயே ஒரு சாய்வு வரலாம் என்பது விமர்சகர்கள் சொல்வது. இதற்காகவே அமெரிக்காவின் லாப நோக்கமற்ற செய்தி நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒரு விதி வைத்திருக்கிறது. ஆண்டுக்கு 5,000 டாலருக்கு மேல் தருபவர்களின் பெயரை உறுப்பினர்கள் வெளியிட வேண்டும். 2009இல் உருவான அந்தக் கூட்டமைப்பில் இன்று 400க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் உள்ளன.

பெயரை வெளியிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. ஆனால் யார் காசு என்று வாசகருக்குத் தெரிந்தால், செய்தியை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவரே முடிவு செய்யலாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து, காசு நின்றுபோவது. உணவு பற்றிய நல்ல புலனாய்வுகளுக்குப் பெயர் வாங்கிய 'தி கவுன்டர்' என்ற இன்னொரு லாப நோக்கமற்ற தளம் 2022 மே மாதம் செயல்பாட்டை நிறுத்தியது. வேலை தரமாக இருந்தது. விருதுகளும் வந்தன. நிதி வரவில்லை. நன்கொடையை நம்பிய செய்தி அறைக்கு நாளை நிச்சயம் இல்லை.

இப்போது ஏன் இது முக்கியம்?

2024 மார்ச்சில் அமெரிக்கப் பால் மாடுகளிடம் முதன்முறையாகப் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. அதன் பிறகு மனிதர்களுக்கும் தொற்று வந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பால் பண்ணை, கோழிப் பண்ணைத் தொழிலாளர்கள். 2020இல் ஆபத்தில் நின்ற அதே வரிசை ஆட்கள்.

2025 செப்டம்பரில் இன்னொரு அறிவிப்பு வந்தது. எத்தனை குடும்பங்கள் போதிய உணவு இல்லாமல் தவிக்கின்றன என்று சுமார் 30 ஆண்டுகளாக எடுத்து வந்த ஆண்டுக் கணக்கை இனி எடுக்கப் போவதில்லை என்றது அமெரிக்க வேளாண் துறை. தேவையற்றது, அரசியலாகிவிட்டது என்பது அரசு சொன்ன காரணம். 2023ஆம் ஆண்டுக்கான அந்த அறிக்கைப்படி, உணவுப் பாதுகாப்பு இல்லாத வீடுகளில் வாழ்ந்தவர்கள் 4 கோடியே 74 லட்சம் பேர்.

கணக்கு எடுப்பதை நிறுத்தினால் பசி நின்றுவிடுமா? நிற்காது. எத்தனை பேர் பசியோடு இருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியாமல் போகும். அந்த எண்ணை வைத்துத்தான் உணவு உதவித் திட்டங்களுக்கு நிதி கேட்கிறார்கள், திட்டம் வேலை செய்கிறதா என்று சோதிக்கிறார்கள்.

ஒரு சின்ன செய்தி அறையால் நாடு முழுக்க வீடு வீடாகப் போய்ப் பசியைக் கணக்கெடுக்க முடியாது. அது அரசால் மட்டுமே ஆகிற வேலை. ஆலையில் எத்தனை பேர் நோயில் விழுந்தார்கள் என்று பொறுக்கிச் சேர்த்து, 'குறைந்தது இத்தனை பேர்' என்று சொல்ல முடியும். 2020இல் ஃபெர்ன் செய்தது அதைத்தான். அடுத்த தடவை அதைச் செய்ய ஆள் இருப்பார்களா என்பது நன்கொடையின் கையில்தான் இருக்கிறது.