துணிப் பறவையும் துப்பாக்கியும்

பறவையைக் காட்டிப் பறவையைப் பிடிக்கும் சூழ்ச்சிக்குப் பழந்தமிழில் ‘பார்வை’ என்று பெயர். கண்ணுக்கும் நோக்குக்கும் வழங்கும் இச்சொல்லே, தன் இனத்தைத் தன்பால் இழுப்பதற்காகப் பழக்கி வைக்கப்பட்ட விலங்குக்கும் புள்ளுக்கும் வழங்கிற்று. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிலின் முற்றத்து விளாமரத்தில் கட்டப்பட்டிருப்பது இத்தகைய பார்வை மான். நற்றிணையின் 212ஆம் பாட்டில், பார்வை வைத்து வலைவிரித்த வேட்டுவனுக்கு அஞ்சிக் கணந்துள் பறவை குரலெழுப்புகிறது. வகுப்பறையில் இவ்விடங்கள் வரும்போது அருஞ்சொற்பொருள் ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே செல்வதே வழக்கமாயிற்று. அவ்வாறு கடந்து செல்லத்தக்க சொல் அன்று அது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்றும் அதற்கு வேலை இருக்கிறது.

மலாய் மக்களும் இக்கலையை நன்கறிந்தவர்களே. அழைப்புப் பறவையை அவர்கள் ‘டெனாக்’ என்பர். சிலாங்கூரில் அரசுப்பணி புரிந்த ஸ்கீட் என்னும் ஆங்கிலேயர் 1900ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மலாய் மேஜிக்’ என்னும் நூலில், காட்டுப்புறா பிடிக்கும் முறையை விரிவாக எழுதியிருக்கிறார். இலைதழைகளால் வேய்ந்த ‘பும்புன்’ என்னும் மறைகுடிலுக்குள் பாவாங் அமர்ந்து, ‘பூலோ டெகுட்’ என்னும் மூங்கிற்குழலை ஊதிப் புறாவின் குரலை எழுப்புவான். குரலை நம்பி வந்த புறா கண்ணியில் படும். குரலானால் என்ன, உருவமானால் என்ன? இரண்டும் செய்வது ஒன்றே: ‘உன்னவர் இங்கே இருக்கின்றனர், அச்சமின்றி இறங்கு’ என்று சொல்லுவது.

மேல்நாட்டுப் புறாவேட்டையில் இந்தப் பொய்யைச் சொல்லும் பணி இப்போது துணிக்கும் நெகிழிக்கும் வந்துவிட்டது. இங்கிலாந்தில் பட்டாணியையும் கடுகினப் பயிர்களையும் மேயும் மரப்புறாவைச் சுடுவோர், அதன் உருவம் அச்சிட்ட துணிக்கூடுகளைத் தோட்பையில் அடைத்து வயலுக்குக் கொண்டு செல்கின்றனர். நெகிழிக் கூடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தொப்பிபோல் கவிழ்த்து அடுக்க வேண்டும். துணிப்பறவையையோ தட்டையாக மடித்தோ சுருட்டியோ வைத்துவிடலாம். இருபது பறவைகள் ஒரு மதிய உணவுப் பொட்டலத்தின் எடைக்கு மேல் போவதில்லை. குச்சிகளைத் தனிக்கட்டாகக் கட்டுவர். கூடவே வைத்தால் முனை குத்தித் துணி கிழியும். வீடு திரும்பியதும் பனி ஈரத்தை உலர்த்தாமல் மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடித்து நிறம் மாறும். வெண்மைக்குப் பொலிவூட்டும் சலவைத்தூளில் அதனைத் துவைக்கலாகாது. மனிதக் கண்ணுக்குப் புலப்படாத புறஊதா ஒளியைப் பறவைகள் காணவல்லவை. அத்தூளில் தோய்ந்த துணி அவற்றின் கண்ணுக்கு இயல்புக்கு மாறாக ஒளிரக்கூடும்.

நிறுத்துவதிலும் நுட்பம் உண்டு. புறா காற்றை எதிர்த்தே தரையிறங்கும். ஆதலின் துணிப்புறாக்களில் பெரும்பாலானவற்றைக் காற்றுமுகமாக நிறுத்தி, ஒருசிலவற்றைச் சற்றே விலக்கித் திருப்பி வைப்பர். எல்லாம் ஒரே திசையில் அணிவகுத்து நின்றால் அது மேய்ச்சலாகத் தோன்றாது, படையாகத் தோன்றும். குதிரை இலாடம்போல் வளைத்து வைத்து நடுவே வெற்றிடம் விடுவர். வருகிற புறா தன் கூட்டத்தின் நடுவிலுள்ள அந்த வெற்றிடத்தையே நாடி இறங்கும். துப்பாக்கியும் அந்த இடத்தையே நோக்கிக் காத்திருக்கும். வளையும் மெல்லிய குச்சியின்மேல் வைத்தால் சிறு காற்றிலும் துணிப்புறா தலையசைக்கும். கழுத்து வெண்பட்டையும் சிறகின் வெண்கோடும் தொலைவில் பறக்கும் இனத்தானுக்குத் தெரிய வேண்டும். கசங்கல் இருக்கலாகாது, மினுமினுப்பு இருக்கவே கூடாது.

இத்துணிப்பறவைக்குச் சேர வேண்டிய நன்மதிப்பை மறுப்பது முறையன்று. வட அமெரிக்காவில் ஒருகாலத்தில் உயிருள்ள புறாவின் இமைகளைத் தைத்து, ஒரு பலகைமேல் கட்டி, அது சிறகடிப்பதைக் காட்டிப் பயணப்புறாக்களை வலையில் வீழ்த்தினர். வானத்தை மறைத்துப் பறந்ததாகச் சொல்லப்பட்ட அந்த இனத்தின் கடைசிப் பறவை, மார்த்தா என்னும் பெயருடையது, 1914 செப்டம்பர் 1இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது. பிரிட்டனின் 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம், கட்டிவைத்த உயிர்ப்பறவையைப் பார்வையாகப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. குருடாக்கப்பட்ட புறாவின் இடத்தைக் கந்தைத்துணி பிடித்துக்கொண்டதற்கு மகிழ வேண்டும்.

ஆயினும், இக்கருவியின் வெற்றியைக் கண்டு மயங்கி, பறவைத் தொல்லை எங்கிருந்தாலும் துப்பாக்கியே மருந்து என்று முடிவுகட்டுவோர் உளர். அவர்களுக்கு விடை கிள்ளானில் இருக்கிறது.

கிள்ளானின் வீட்டுக்காக்கை இம்மண்ணின் பறவை அன்று. 1890களில் சிலாங்கூர்க் காப்பித் தோட்டங்களைக் கம்பளிப்புழு அழித்தபோது, அதனைத் தின்னட்டும் என்று தோட்டத் துரைமார்கள் இலங்கையிலிருந்து கப்பலேற்றி வரவழைத்த பறவை அது. காக்கை வந்தது, காப்பி நிலைக்கவில்லை. பிரேசில் காப்பியால் விலை வீழ்ந்தது, ரப்பர் எழுந்தது, காப்பிச்செடிகள் மறைந்தன. வேலைக்கென்று அழைத்து வரப்பட்ட பறவை வேலை முடிந்தபின் திரும்பிச் செல்லக் கப்பல் கிடைக்காமல் இங்கேயே தங்கிவிட்டது. (அதே கடலைக் கடந்து அதே துரைமார்களுக்காக வந்தவர்களின் பேரர்களுக்கு இக்கதை முற்றிலும் அயலானதாகத் தோன்றாது.) 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. கப்பலும் மீனும் சந்தையும் பெருகிய இடத்தில் காக்கையும் பெருகிற்று. அதன் கூட்டில் முட்டையிடும் குயிலும் பின்தொடர்ந்து இங்குக் குடியேறியது. இன்று கிள்ளானில் விடியற்காலையில் குயிலோசை கேட்டு மகிழ்வோர், அதற்காகக் காக்கைக்கும் கொஞ்சம் நன்றி சொல்லலாம்.

காக்கையால் தொல்லையே இல்லை என்று வாதிடுவது வீண். அந்தியில் ஆயிரக்கணக்கில் ஒரே மரவரிசையில் அடையும் பறவைகளின் எச்சமும் இரைச்சலும் அங்கு வாழ்வோருக்குத்தான் தெரியும். கிள்ளானிலும் சுற்றுவட்டாரத்திலும் நகராண்மை அமைப்புகள் உரிமம் பெற்ற சுடுநர்களை வரவழைத்துக் காக்கை சுடச்செய்தது ஒருமுறை இருமுறை அன்று. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கியை இறுகக் கட்டிவைத்திருக்கும் நாட்டில், மக்கள் குடியிருக்கும் தெருவில் அது வெடிக்க அனுமதிக்கப்படுவது இந்தப் பறவைக்காகத்தான். சுட்ட காக்கைகளைத் தரையில் அடுக்கிப் படமெடுக்கிறார்கள். எண்ணிக்கை அறிவிக்கப்படுகிறது. அடுத்த ஆண்டு மீண்டும் அதே தெரு, அதே மரம், அதே துப்பாக்கி!

ஏன் இப்படி? வயலின் புறாவும் தெருவின் காக்கையும் ஒன்றல்ல. துணிப்புறாவிடம் புறா ஏமாறும். காக்கையோ சுட்டவனையே நினைவில் வைத்துக்கொள்ளும் இனம். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்சுலஃப் என்பவரும் அவருடன் உழைத்தவர்களும் முகமூடி அணிந்து காக்கைகளைப் பிடித்து விடுவித்தனர். பல ஆண்டுகள் கழிந்தும் அம்முகமூடியைக் கண்ட இடத்தில் காக்கைகள் கூடிக் கத்தின. அது அமெரிக்கக் காக்கை எனினும் குணம் அந்தக் குலத்துக்குரியது. வள்ளுவர் சுற்றந்தழால் அதிகாரத்தில் காக்கையை எடுத்துக்காட்டியது வெறும் அணிநயத்துக்காக அன்று. இரையைக் கண்டால் இனத்தை அழைப்பதும், ஒன்று வீழ்ந்தால் மற்றவை சூழ்ந்து அரற்றுவதும் அதன் இயல்பு. தமிழ்நாட்டு உழவர்கள் செத்த காக்கையைக் கோலில் தலைகீழாகத் தொங்கவிட்டு மற்றவற்றை விரட்டியது இதனை அறிந்துதான். நிமிர்ந்து மேயும் உருவம் அழைக்கும், தொங்கும் உருவம் துரத்தும். ஆகவே காக்கையைச் சுட்டு வீழ்த்திய இடம் சில நாள்களுக்கு வெறிச்சோடலாம். மறைந்தவை மடியவில்லை, பக்கத்துத் தாமானுக்குப் போயிருக்கும். ஓர் ஈட்டுக்கு மூன்று முதல் ஐந்து முட்டை வரை இடும் இனத்தில், எஞ்சிய பறவைக்கு இரையும் கூடுகட்டக் கிளையும் முன்னிலும் தாராளமாகக் கிடைக்கும்.

சிங்கப்பூரைக் காட்டி எதிர்வாதம் செய்யலாம். அங்கே பல ஆண்டுகள் இடைவிடாது சுட்டனர், எண்ணிக்கையும் குறைந்தது உண்மை. ஆனால் சுட்டதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. கூடுகளைக் கலைத்தனர், கிளைகளைக் கழித்தனர், குப்பைத்தொட்டிகளை மூடினர். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு அத்தீவில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட காக்கைகளைக் கணக்கிட்டு, ஆண்டுதோறும் பல்லாயிரம் பறவைகளைக் கொன்றாலன்றித் துப்பாக்கியால் பயனில்லை எனக் காட்டியதுடன், மனிதன் இறைக்கும் உணவைக் குறைக்க வேண்டும் என்பதையும் வற்புறுத்திற்று. அத்தனைக்கும் பிறகு, 2023இல் பீஷான் வட்டாரத்தில் காக்கைகள் வழிப்போக்கரின் தலையைத் தாக்கிய செய்தி வந்தது.

துணிப்புறாவை நிறுத்தும் வேட்டைக்காரன் அறிந்த ஓர் உண்மையைக் காக்கை சுட ஆணையிடுவோர் அறியவில்லை. இரை இல்லாத வெற்று நிலத்தில் நூறு துணிப்புறாவை நிறுத்தினாலும் வரும் புறா சிலவே. முந்திய நாள்களில் அவை எங்கே மேய்ந்தன, எந்த வழியாக வந்தன என்று பார்த்துவிட்டுத்தான் அவன் பையை அவிழ்ப்பான். இரைதான் முதல் பார்வை, துணி இரண்டாவதே. இந்தக் கண்ணோடு ஜாலான் தெங்கு கெலானாவிலோ பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலோ இரவு கடைகள் மூடும் நேரத்தில் நடந்து பார்த்தால் தெரியும். உணவகத்தின் பின்சந்தில் வாய் கட்டாத கறுப்புப் பைகள். அவற்றில் வாழையிலையோடு மிஞ்சிய சோறும் மீன்முள்ளும். மூடி உடைந்த பச்சைத்தொட்டி ஒன்று நிற்கும், அதைச் சுற்றி வழிந்த குழம்பு காய்ந்திருக்கும். விடியுமுன் லாரி வந்தால் நன்று. வராவிட்டால் முதலில் வரும் காக்கை மற்றவற்றை அழைக்கும். இதைவிடச் சிறந்த பார்வையை எந்தத் துணிக்கடையிலும் தைத்து வாங்க முடியாது. ஊரார் நாள்தோறும் பார்வை வைக்கின்றனர். பறவை இறங்கியதும் துப்பாக்கிக்காரனை அழைக்கின்றனர்.

இதில் தமிழர் பங்கும் உண்டு என்பதை மறைக்கலாகாது. காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்தபின் உண்ணும் வழக்கம் பழுதற்றது. அது ஒரு பிடி, ஓர் இலைத்துண்டு, முன்னோர் நினைவு. சோற்றுப்பானையின் மிச்சத்தை வடிகால் ஓரத்தில் கொட்டிவிட்டு அதற்கும் அதே பெயர் சூட்டுவது வழக்கம் ஆகாது, சோம்பல்தான். கோயில் வாசலில் மூட்டை மூட்டையாகப் புறாவுக்குத் தானியம் இறைப்போரும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று அங்கே இரை தேடி இறங்கும் புறாவின் பெயரால் நாளை ஒருவர் துப்பாக்கி கேட்பார்.

தோட்டாவுக்குச் செலவிடும் வெள்ளியில் எத்தனை தொட்டிகளுக்கு அழுத்தமான மூடி வாங்கலாம் என்ற கணக்கை எந்த நகராண்மையும் போடலாம். இன்னொரு கணக்கைக் கிள்ளானில் உள்ள எந்தத் தமிழ்ப்பள்ளியும் போடலாம். மூடியுள்ள தொட்டி ஒன்று, மூடியற்றது ஒன்று. இரு வாரங்கள், காலை ஏழு மணிக்கு, ஒவ்வொன்றின் அருகிலும் எத்தனை காக்கை என்று நான்காம் ஆண்டு மாணவர்கள் குறிப்பேட்டில் கோடு கிழித்து எண்ணட்டும். அந்தக் குறிப்பேட்டை, சுட்ட காக்கைகளின் படம் தொங்கும் அலுவலகத்திற்கே கொண்டு போய்க் கொடுக்கட்டும்.