விரல் உயர்ந்தால் வீழ்வது யார்?

மட்டை வீரர்களுள் மாவீரர் யார் என்று தேநீர்க் கடைதோறும் நடக்கும் வழக்கில், தோற்கப் போகிறவர் கடைசியாகக் கையிலெடுக்கும் ஆயுதம் ஒன்று உண்டு. "அந்த அம்பயர் மட்டும் தவறு செய்யாதிருந்தால்!" என்பதே அது. தமக்குப் பிடித்தவர் வீழ்ந்ததெல்லாம் நடுவரின் சதி; பிறருக்குப் பிடித்தவர் குவித்ததெல்லாம் நடுவர் போட்ட பிச்சை! கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சரி, கணக்கையே போட்டுப் பார்த்துவிடுவோம் என்று காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தோம்.

நாம் எடுத்துக்கொண்டது சிறிய ஆளை அல்ல, டான் பிராட்மனை! 1946 நவம்பரில் பிரிஸ்பேன் நகரில் இங்கிலாந்துடன் டெஸ்ட் பந்தயம். போரினால் எட்டாண்டுகள் டெஸ்ட் ஆடாதிருந்தவர், வயது 38, உடல்நலமும் குன்றியிருந்தது. தட்டுத் தடுமாறி 28 ரன் எடுத்திருந்தார். வோஸ் வீசிய பந்து மட்டையில் பட்டு, ஸ்லிப்பில் நின்ற இகின் கையில் அடைக்கலம் புகுந்தது. தீர்ந்தது கதை என்றே நினைத்தனர் இங்கிலாந்து அணியினர். நடுவர் போர்விக்கோ விரலை உயர்த்தவில்லை. பந்து தரையில் மோதி எழும்பியது என்பது பிராட்மன் தரப்பு. மோதவேயில்லை என்பது எதிர்த்தரப்பு. தொடரைத் தொடங்கும் இலட்சணம் இதுதானோ என்று இங்கிலாந்துத் தலைவர் ஹாமண்ட் சீறினாராம். சீறி என்ன பயன்? பிராட்மன் 187 எடுத்தார். ஆஸ்திரேலியா 645. இங்கிலாந்து ஓர் இன்னிங்ஸும் 332 ரன்னும் வித்தியாசத்தில் உதைபட்டது. அடுத்த டெஸ்டில் பிராட்மன் 234!

ஆகவே, பிராட்மன் புகழே ஒரு நடுவரின் தயவு என்கிறார்களே, உண்மையா? பார்ப்போம். 80 இன்னிங்ஸ், 70 முறை அவுட், 6996 ரன், சராசரி 99.94. அன்று 28-லேயே அவரை வெளியேற்றுவோம். 159 ரன் குறைகிறது, சராசரி 97.67. போதாதா? அன்று வீழ்ந்திருந்தால் ஆட்டத்தையே விட்டு விலகியிருப்பார் என்று எழுதியோரும் உண்டு. அப்படியே வைத்துக்கொள்வோம், அதன்பின் அவர் ஆடவேயில்லை. அப்போதும் 96.62! ஹெட்லியும் கிரேம் பொல்லாக்கும் 60-ஐத் தாண்டி ஒரு ரன் கூட முழுதாகப் போகவில்லையே!

நம் டெண்டுல்கருக்கு வருவோம். 2003-இல் அதே பிரிஸ்பேனிலும், 2005-இல் கல்கத்தாவிலும் நடுவர் பக்னர் தவறாக விரலை உயர்த்தினார். பின்னாளில் 2020-இல் தம் பிழையை அவரே ஒப்புக்கொண்டார். அந்த இரு ஆட்டங்களிலும் ஆளுக்கு நூறு ரன் தாராளமாக நாமே வழங்குவோம். 53.78 என்ற சராசரி 54.46 ஆகிறது. ஒரு ரன் கூட உயரவில்லை. இதற்காகவா இத்தனை கூச்சல், இத்தனை கொடும்பாவி?

பிழையால் ஒரு பந்தயம் பறிபோகும், ஐயமில்லை. 2008-இல் சிட்னியில் சைமண்ட்ஸ் 30-இல் தப்பி 162 எடுத்ததை மறந்தவர் யார்? ஆனால், முந்நூறு முறை மட்டை பிடிக்கும் வாய்ப்புப் பெற்றவரின் பெருமையைப் பிழை அசைப்பதில்லை. அது அடித்து வீழ்த்துவது வேறொருவனை.

1948-இல் டிரினிடாட் தீவில் ஆன்டி காந்தோம் என்ற இளைஞர், இங்கிலாந்துக்கு எதிராகத் தம் முதல் டெஸ்டில் 112 எடுத்தார். மெதுவாக ஆடினார் என்றார்கள்; மறுபடி அழைக்கவேயில்லை. ஒரே இன்னிங்ஸ், சராசரி 112, பிராட்மனையும் மிஞ்சிய கணக்கு! அன்று முதல் பந்திலேயே ஒரு நடுவர் தவறி விரலை உயர்த்தியிருந்தால்? சராசரி சுழி. பெயரும் சுழி. நூற்றுப் பன்னிரண்டுக்கும் சுழிக்கும் நடுவே நின்றது ஒரு விரல்! அந்த விரல் உயர்ந்து அழிந்த பெயர்கள் எத்தனையோ. ஏட்டில் அவர்கள் இல்லை, ஆகவே தேநீர்க் கடையிலும் இல்லை.

அப்படியானால் மறுபரிசீலனை முறை முதலில் யாருக்கு வேண்டும்? 2008 முதல் டெஸ்டில் சோதனையாக வந்தது. நம் வாரியம் பல்லாண்டு முறைத்து நின்றுவிட்டு, 2016-இல்தான் இறங்கி வந்தது. ஆனால் டெஸ்டுக்கு ஆளெடுக்கும் ரஞ்சிப் பந்தயத்திலோ, 2019-20 அரையிறுதியில்தான் அரைகுறையாக நுழைந்தது. 2022-இல் பெங்களூரில் நடந்த இறுதி ஆட்டத்தில் அதுவும் இல்லை. செலவு அதிகமாம்! உலகிலேயே செல்வம் கொழிக்கும் கிரிக்கெட் வாரியத்தின் வாயில் வரும் சொல்லா இது? நட்சத்திரங்கள் ஆடினால் பத்துக் கண்கள் பந்தைப் பார்க்கின்றன. ஊர்ப்பேர் தெரியாத பையன் ஆடினால், வெயிலில் நின்று களைத்த இரண்டு கண்கள் போதும் என்கிறது வாரியம். அந்தப் பையனுக்குக் கிடைப்பது நான்கு இன்னிங்ஸ். அதில் ஒன்று பிழையால் போனால், அவனுக்கு நூறு ரன் வழங்கிக் கணக்குப் போட யார் உட்காரப் போகிறார்கள்?