லெக்ஸ் லூதரின் சீடர்கள்

சென்ற மாதம் அலுவலகப் பயிற்சி வகுப்பொன்றில் அரைநாள் அமர்ந்திருக்க நேர்ந்தது. சித்திரக்கதை வில்லன்களிடமிருந்து தலைமைப் பண்பைக் கற்பது எப்படி என்பது பொருள். லெக்ஸ் லூதரிடம் தொலைநோக்கு, டாக்டர் டூமிடம் தன்னம்பிக்கை, தானோஸிடம் இலக்கில் உறுதி, ஜோக்கரிடம் மாற்றி யோசிக்கும் துணிவு. திரையில் படம் வரும்; பக்கத்தில் இரண்டு வரி அறிவுரை வரும்; அனைவரும் சிரத்தையாகக் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். இணையத்திலும் இத்தகைய பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம்தான். காமிக்ஸ் வாசித்து வளர்ந்த எனக்கு அது முடியவில்லை.

என் ஆட்சேபம் ஒழுக்கம் சார்ந்ததன்று. தீயவனிடம் கற்க ஒன்றுமில்லை என்று நினைக்கும் வாசகன் இலக்கியத்தில் பாதியை இழந்துவிடுவான். இவர்கள் அந்தக் கதைகளை வாசிக்கவேயில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

லூதரையே எடுத்துக்கொள்வோம். 1940இல் அறிமுகமானபோது அவன் உலகை ஆளத் துடிக்கும் கிறுக்கு விஞ்ஞானி, அவ்வளவே. 1986இல் ஜான் பைர்ன் சூப்பர்மேன் கதையை முதலிலிருந்து எழுதத் தொடங்கியபோதுதான் அவனுக்குக் கோட்டும் சூட்டும் வானளாவிய கட்டடமும் கிடைத்தன. அக்காலத்து வில்லன் எப்படி இருப்பான் என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை பெருமுதலாளி. அதாவது, நிர்வாகிகளை நோக்கி எழுதப்பட்ட அங்கதம் அது. அதையே நிர்வாகிகள் பாடநூலாக எடுத்துக்கொள்வதை என்னவென்று சொல்வது?

1987இல் வெளிவந்த புதிய சூப்பர்மேன் வரிசையின் 2ஆம் இதழை வாசித்தவர்களுக்கு நினைவிருக்கும். சூப்பர்மேனுக்கும் கிளார்க் கென்ட்டுக்கும் என்ன தொடர்பு என்று கண்டறிய லூதர் ஆணையிடுகிறான். ஆட்களை ஏவித் தகவல்களைத் திரட்டுகிறான். அதற்காக ஒரு பெண்ணைக் கடத்திச் சித்திரவதை செய்யவும் தயங்கவில்லை. எல்லாம் கணினிக்குள் போகிறது. இருவரும் ஒருவரே என்று கணினி சரியாகச் சொல்லிவிடுகிறது. அந்த முடிவை அவன்முன் வைப்பவள் அமாண்டா மக்காய் என்ற ஊழியை. லூதர் ஏற்க மறுக்கிறான். அத்தனை வலிமை படைத்த ஒருவன் சாதாரண மனிதனாக நடித்துக்கொண்டு வாழ்வானா? அவனால் கற்பனை செய்யவே முடியவில்லை. அந்த இடத்திலேயே அவளை வேலையைவிட்டு நீக்குகிறான்.

நிர்வாகம் பற்றிய கதை வேண்டுமென்றால் இதைவிட எது வேண்டும்? பணம், ஆள், கருவி, தகவல் எல்லாம் இருக்கின்றன. சரியான விடையும் கையில் இருக்கிறது. தன்னைப் போலவே எல்லோரும் இருப்பார்கள் என்ற நம்பிக்கை அத்தனையையும் வீணாக்குகிறது. பயிற்சி வகுப்பில் இந்தக் கதை வரவில்லை. வந்திருந்தால் எனக்குப் பக்கத்து இருக்கைக்காரர் என்ன நினைத்திருப்பார் என்று தெரியவில்லை. கணக்கில் தவறிருக்கிறது என்று மேலிடத்தில் சொன்னதற்காக வேறு பிரிவுக்குத் தூக்கியெறியப்பட்டவர் அவர். அவரும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

அதே வரிசையின் 9ஆம் இதழில் இன்னொரு சிறுகதை உண்டு. சாலையோர உணவகம் ஒன்றில் லூதர் காரை நிறுத்துகிறான். பரிமாறும் பெண்ணிடம், கணவனை விட்டுவிட்டு ஒரு மாதம் தன்னோடு வந்திருந்தால் 10 லட்சம் டாலர் தருவதாகச் சொல்கிறான். பத்து நிமிட அவகாசம். அவள் தவித்துக்கொண்டிருக்கும்போதே கார் கிளம்பிப் போய்விடுகிறது. போயிருப்போமா மாட்டோமா என்று அவள் வாழ்நாள் முழுதும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்; அவனுக்கு அதுதான் விளையாட்டு. நம் பயிற்சியாளர் இதற்குப் பேரம் பேசும் கலை என்று தலைப்பிடுவார். உறுதிக்கும் உதாரணம் உண்டு: சூப்பர்மேனை அண்டவிடாமலிருக்கக் கிரிப்டோனைட் மோதிரத்தைக் கழற்றாமல் அணிந்து, அதன் கதிர்வீச்சால் புற்றுநோய் வந்து முதலில் கையை இழக்கிறான்.

வில்லனின் அடியாட்களைப் பற்றி இந்தப் பட்டியல்களில் ஒரு சொல் இருக்காது. லயன் காமிக்ஸ் வழியே நாம் அறிந்த ஸ்பைடர், வில்லனாகத் தொடங்கிய நாயகன். ஆர்டினியையும் பெல்ஹாமையும் அவன் நடத்தும் விதத்தைச் சிறுவயதிலேயே நாம் கவனித்திருக்கிறோம். அவன் ஆணவத்தை ரசித்தோம். அவனிடம் வேலைக்குப் போக யாரும் ஆசைப்பட்டதில்லை.

அந்த ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனையும் லூதரையும் படைத்தவரும் அவரே. ஓவியர் ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து 1938இல் சூப்பர்மேனின் உரிமையைப் பதிப்பகத்துக்கு 130 டாலருக்கு எழுதிக்கொடுத்தார். பக்கத்துக்குப் 10 டாலர், 13 பக்கம். பிறகு வழக்குத் தொடுத்தார்கள். படைப்பாளிகள் என்ற பெயரும் கதைகளிலிருந்து போயிற்று. 1975இல், சூப்பர்மேன் திரைப்படத்துக்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தபோது, சீகல் பத்திரிகைகளுக்குக் கொதித்தெழுந்து எழுதினார். அவமானம் தாங்காமல் நிறுவனம் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் தர ஒப்புக்கொண்டு பெயர்களையும் திரும்பப் போட்டது. ஷஸ்டருக்கு அதற்குள் கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. சீகல் கலிஃபோர்னியாவில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.