பெற்றோர் சொல்லும் ஒரு பரிசோதனையே

வயிற்றில் ஏற்படும் கடுமையான கிருமித்தொற்று வயிற்றோடு நின்றுவிடும் என்றே பலரும் எண்ணுகின்றனர். குழந்தைகளிடத்தில் அது மூளையின் செயல்பாட்டையும் குலைக்கக்கூடும். குடல்வால் வெடித்துச் சீழ் பரவும்போதும், டைபாய்டு காய்ச்சலில் குடலில் துளை விழும்போதும் இந்நிலை நேரலாம்.

இதற்குக் கிருமி மூளைக்குள் நுழைய வேண்டும் என்பதில்லை. தொற்றுக்கு எதிராக உடல் எழுப்பும் எதிர்வினை கட்டுமீறி, உடலின் உறுப்புகளையே தாக்கும் நிலையைச் செப்சிஸ் என்கிறோம். அப்போது இரத்த அழுத்தம் தாழலாம். இரத்தத்தில் சர்க்கரையும் உப்பும் அளவு மாறலாம். மூளைக்குச் செல்லும் ஆக்சிஜன் குறையலாம். குழந்தை ஓயாது சிணுங்கும், அழைத்தாலும் கண் திறவாது, பொருந்தாமல் பேசும், தாயையே அடையாளம் காணாது. சிலருக்கு வலிப்பும் வரும்.

தொடக்கத்தில் இம்மாற்றம் மிக நுட்பமானது. காய்ச்சலின் களைப்பு என்றோ, எதையோ கண்டு பயந்துவிட்டது என்றோ எளிதில் கருதிவிடுகிறோம். குடல்வால் வெடித்தபின் வலி சற்றுத் தணிவதும் உண்டு. அவ்வேளையில் வரும் அயர்வை நல்ல உறக்கம் என்று நம்பிவிடலாகாது.

நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கருவிகள் அளந்துவிடும். ஆனால் அக்குழந்தை நேற்று எப்படிச் சிரித்தது, எப்படிப் பேசியது என்பதை எக்கருவியும் அறியாது. சில நிமிடங்களே காணும் மருத்துவரும் அறியார். ஆகவே, “என் பிள்ளை வழக்கம்போல் இல்லை” என்னும் சொல்லை மற்ற அளவீடுகளுக்கு இணையாக நோயாளிக் குறிப்பேட்டில் பதிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

இங்கிலாந்தில் 2021ஆம் ஆண்டு, கணையத்தில் ஏற்பட்ட காயத்தைத் தொடர்ந்து செப்சிஸ் கண்டு 13 வயதுச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். பெற்றோர் தெரிவித்த கவலைக்கு உரிய செவிசாய்ப்பு கிடைக்கவில்லை. அவள் பெயரால் 2024 முதல் அங்கு நடைமுறைக்கு வந்த ‘மார்த்தாவின் விதி’, வேறொரு மருத்துவக் குழுவின் உடனடி மதிப்பீட்டைக் கோரக் குடும்பத்தாருக்கு வழிசெய்கிறது.

இதனால் வீண் அழைப்புகள் பெருகும் என்பார் உண்டு. சில அழைப்புகள் வீணாகலாம். அதனால் இழப்பது சில நிமிடங்களே. தாமதத்தால் இழப்பதோ மீட்க இயலாததாகலாம்.

எனவே தயங்காதீர்கள். நேற்று எப்படி இருந்தது, இன்று என்ன மாறியது, எப்போதிலிருந்து என்ற மூன்றையும் செவிலியரிடம் கூறுங்கள். அயர்ந்திருக்கும் குழந்தையின் வாயில் நீரோ மாத்திரையோ புகட்டாதீர்கள். தொற்று அடங்கும்போது பெரும்பாலான குழந்தைகளுக்கு அறிவுத்தெளிவு திரும்புகிறது. எனினும் வீடு சென்றபின் படிப்பிலோ நினைவிலோ தடுமாற்றம் தென்பட்டால், மறுபரிசோதனையின்போது அதையும் மறவாமல் சொல்லுங்கள்.