தத்தனின் நடை

நேமத்தான்பட்டி வீட்டில் ஓடு மாற்றவேண்டும் என்று போன வாரம் காரைக்குடியில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனேன். ஓடு வந்தது, ஆள் வரவில்லை. 'நாளைக்கு' என்ற ஒரே சொல்லில் மூன்று நாள் ஓடிவிட்டது. வளவுத் தூணில் சாய்ந்துகொண்டு, கையோடு கொண்டுபோயிருந்த நாவலை முடித்தேன். கோதாரோ இசாகா என்ற ஜப்பானியர் 2010-இல் எழுதியது. 2021-இல் 'புல்லட் ட்ரெயின்' என்று ஆங்கிலத்தில் வந்து, மறு வருடமே பிராட் பிட் நடித்துப் படமும் ஆனது.

தோக்கியோவிலிருந்து மொரியோகா போகும் ரயில் முழுக்கக் கூலிக்குக் கொலை செய்கிறவர்கள், எல்லோரும் சாதாரணப் பயணிகள் மாதிரி. நாயகன் நானாவோவுக்குக் கொடுத்த வேலை சின்னது: ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த ஸ்டேஷனான உவேனோவில் இறங்கிவிட வேண்டும். இறங்க முடியாது. இறங்குகிற வாசலிலேயே பழைய பகைவன் ஏறுகிறான். நடந்த தள்ளுமுள்ளில் செத்தும் போகிறான். பிறகு பிணத்தைத் தூங்குகிறவர் போல் சீட்டில் உட்கார வைக்கிற பாடு. இன்னொரு கொலையாளிக்குக் குழந்தைகள் பார்க்கும் தாமஸ் ரயில் கதைகள்தான் வேதம். கொல்ல வந்தவனுக்குக் கொல்வதைத் தவிர மற்றதெல்லாம் சிரமம் என்பதுதான் இதில் நகைச்சுவை.

"என்ன ராசா, புத்தகத்தைப் பாத்துச் சிரிக்கிறே?" என்றார் பக்கத்து வீட்டு ஆச்சி. எண்பத்து மூன்று வயது. சாயங்காலம் விளக்கேற்ற எங்கள் வீட்டுக்கு வருகிறவர்.

கதையைச் சொன்னேன். "அவனை அந்த வண்டியில ஒருத்தரும் ஆருன்னு கேக்கலையா?" என்றார் ஆச்சி.

நியாயமான விமர்சனம். நேமத்தான்பட்டியில் ஒரு ரகசியக் கொலையாளியால் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. முகப்பில் கால் வைத்தவனிடம் முதல் கேள்வி, "ஆரு வீட்டுப் பிள்ளை?" அடுத்தது, "எந்தக் கோயில்?" நகரத்தார் கோயில்கள் 9 என்று படித்து வந்திருந்தால் 'இளையாத்தங்குடி' என்று சொல்லித் தப்பித்தோம் என்று நினைப்பான். அதில் 7 பிரிவு. எந்தப் பிரிவு? விலாசம் என்ன? பெண் எடுத்தது எந்த ஊர்? இதற்குள் காப்பி வந்துவிடும். குடித்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடுவதுதான் அவனுக்கு மரியாதை. பெரிய பெரிய உளவு நிறுவனங்கள் பொய்ப் பாஸ்போர்ட் தயாரித்துவிடலாம். பொய்யாகப் பங்காளிகளைத் தயாரிக்க முடியாது.

துப்பறியும் கதைகளில் பெரும்பேர் வாங்கிய தமிழ்வாணன் பக்கத்துத் தேவகோட்டைக்காரர் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அவருடைய துப்பறிவாளர் சங்கர்லால் உலகமெல்லாம் சுற்றிக் கண்டுபிடித்ததை எங்கள் ஆச்சிமார் திண்ணையைவிட்டு எழுந்திருக்காமலே கண்டுபிடித்திருப்பார்கள்.

ஆச்சி திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டே, "இவன் என்ன பெரிய வேசக்காரன். நம்ம முத்தநாதனுக்கு முன்னாடி நிக்க முடியுமா?" என்றார்.

எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் எழுதி வைத்த கதை. திருக்கோவலூர் அரசர் மெய்ப்பொருள் நாயனார். அவரோடு போரிட்டுப் போரிட்டுத் தோற்றவன் முத்தநாதன். இனி யானையும் குதிரையும் உதவாது என்று உடம்பெல்லாம் திருநீறு பூசி, சடை முடித்து, ஏட்டுக் கட்டுக்குள் கத்தியைச் செருகிக்கொண்டு புறப்படுகிறான். புத்தகத்துக்குள் ஆயுதம்! த்ரில்லர் எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் எழுந்து நின்று கும்பிட வேண்டும். வாசல் வாசலாக வழி விடுகிறார்கள். பள்ளியறைக் காவலன் தத்தன் மட்டும் "ராஜா தூங்குகிறார்" என்று தடுக்கிறான். அவனை விலக்கிவிட்டு உள்ளே போன முத்தநாதன், எங்குமே கிடைக்காத ஆகமம் கொண்டுவந்திருக்கிறேன் என்கிறான். அரசியை அனுப்பிவிடச் சொல்கிறான். அவன் ஆசனத்தில், அரசர் தரையில். அரசர் குனிந்து வணங்கும்போது, நினைத்து வந்த காரியம் முடிகிறது. குத்தினான் என்றுகூடச் சேக்கிழார் எழுதுவதில்லை. அந்த வேடத்தின் மேல் அவருக்கே அவ்வளவு கூச்சம்.

கதை இதோடு முடிந்திருந்தால் சோகம். இதற்கு மேல்தான் இசாகா தோற்றுப்போகிறார். வாளோடு பாய்ந்த தத்தனை, சாகக் கிடக்கும் அரசர் தடுக்கிறார். வேடம் சிவனடியார் வேடம். ஆகவே ஆள் நம் ஆள். அதோடு விடவில்லை. வழியில் யாரும் இவரை ஒன்றும் செய்துவிடாமல் ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோய் விட்டு வா என்று உத்தரவு. இப்போது தத்தனின் நிலையை யோசித்துப் பாருங்கள். காக்க வேண்டியவரைக் காக்க முடியவில்லை. கொன்றவனுக்கு மெய்க்காப்பாளன் ஆகிவிட்டான். செய்தி கேட்டு ஊரே ஆயுதத்தோடு மறிக்கிறது. ஒவ்வொரு தெருவிலும் "அரசர் கட்டளை" என்று விலக்கிக்கொண்டே நடக்கிறான். ஆள் நடமாட்டம் இல்லாத காட்டு வழியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, பத்திரமாகச் சேர்த்துவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் அரசரின் உயிர் பிரிகிறது. எனக்கு இந்தக் கதையின் நாயகன் தத்தன்தான். கோயில் பிரகாரத்தில் 63 பேர் வரிசையில் அவனுக்கு இடமில்லை.

அந்த நடையில் இருவரும் என்ன பேசியிருப்பார்கள்? ஒன்றுமே பேசாமலா அவ்வளவு தூரம் போயிருப்பார்கள்?

நம்மிடம் இன்னொரு கொலையும் உண்டு. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதியும் வாசகர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர்களையே தருகிறது. ஆனால் அது கொலை வழக்குத் தீர்ப்பு இல்லை. அந்தத் துரோகிகளிடமும் உறவினரிடமும் பறிமுதலான நிலத்தைப் பற்றிய பத்திரம். எப்படிக் கொன்றார்கள், ஏன் கொன்றார்கள் என்று ஒரு வரி இல்லை. நில விவகாரம் மட்டும் பிழையில்லாமல் இருக்கிறது. வட்டிக் கணக்குப் பார்த்த ஊரில் பிறந்த எனக்கு இது இயல்பாகத்தான் படுகிறது.

ஆச்சியிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது முகப்பில் குரல் கேட்டது. நெற்றி, தோள், கையெல்லாம் நீறு. காவி வேட்டி. கக்கத்தில் துணியில் சுற்றிய ஒரு கட்டு. பிள்ளையார்பட்டிக்கு நடந்து போவதாகவும் இருட்டிவிட்டதாகவும் சொன்னார். ஆச்சி எழுந்தார். கேள்விகள் வரிசையாக வரப்போகின்றன என்று காத்திருந்தேன். "உக்காருங்க சாமி" என்றார். எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. பட்டாலையில் தடுக்கைப் போட்டு, தன் வீட்டிலிருந்து நாலு இட்லியும் மோரும் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

அவர் சாப்பிட்டு முடித்ததும் ஆச்சி என்னைப் பார்த்தார். "ராசா, தெருவுல நாய் கெடக்கு. சாமியைக் கொண்டுபோய் பஸ் ஏத்திவிட்டுட்டு வா."

டார்ச்சை எடுத்துக்கொண்டு நடந்தேன். அவர் முன்னால், நான் ஒரு முழம் பின்னால். டார்ச் வெளிச்சம் பாதையில் விழாமல் அந்தக் கட்டின் மேலேயே போய் விழுந்துகொண்டிருந்தது. ஊருணிக் கரை வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவர்தான், "கடைசி பஸ் எத்தனை மணிக்கு தம்பி?" என்று கேட்டார்.